மூன்றாம் எண் ஷட்டரும் 65 மி.மீ. துளையும்: பழைய லென்ஸ் ஒன்றைப் பலகையில் ஏற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நியூயார்க் மாநிலத்தில் வசிக்கும் ஒளிப்படக்காரர் ஒருவர் 4×5 அங்குல லின்ஹோஃப் டெக்னிகா கேமராவில் நிலக்காட்சிகள் எடுக்கிறார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு 150 மி.மீ. லென்ஸ், அது ஜப்பானின் கோப்பல் நிறுவனத்தின் 0 எண் ஷட்டரில் இருந்தது. அதைவிட நீளமான குவியத் தொலைவு தேவைப்பட்டபோது, மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவின் பொருள்களோடு விற்பனைக்கு வந்த 8½ அங்குலக் கோடக் கமர்ஷியல் எக்டார், எஃப் 6.3, அவர் கண்ணில் பட்டது. நான்கு கண்ணாடிகள் கொண்ட டெஸ்ஸார் வகை லென்ஸ் இது. அதன் ஒளிவட்டம் 5×7 அங்குல ஃபிலிமையே நிரப்பிவிடும் என்பதால் 4×5-இல் பலகையை, அதாவது லென்ஸைத் தாங்கிக் கேமராவின் முன்புறம் மாட்டும் தட்டை, ஏற்றி இறக்க நிறைய இடம் கிடைக்கும். விலையும் நியாயமாகவே இருந்தது.

விற்பனைக் குறிப்பில் ஷட்டரைப் பற்றி இருந்தது ஒரே ஒரு சொற்றொடர்: "3ஆம் எண் ஷட்டரில், வேலை செய்கிறது." படங்கள் இரண்டு. ஒன்று முன் கண்ணாடியை நேராகக் காட்டியது, மற்றொன்று லென்ஸை மேசைமேல் பக்கவாட்டில் வைத்து எடுத்தது. பின்புறத்தைக் காட்டும் படம் இல்லை.

3 என்றதும் வாங்குபவரின் மனம் கோப்பல் 3-க்குப் போனதில் வியப்பில்லை. இன்று புழக்கத்தில் இருக்கும் பெரும்பாலான நவீனப் பெருவடிவ லென்ஸ்கள் (4×5 அங்குலமும் அதற்கு மேலும் ஃபிலிம் போடும் கேமராக்களுக்கானவை) கோப்பல் 0, 1, 3 என்ற மூன்று அளவுகளில்தான் உள்ளன. பலகையில் அவற்றுக்கு வேண்டிய துளைகள் முறையே ஏறத்தாழ 34.7, 41.7, 65 மி.மீ. லென்ஸ் வந்து சேர்வதற்குள் பலகை தயாராக இருக்கட்டும் என்று 65 மி.மீ. துளையிட்ட லின்ஹோஃப் பலகை ஒன்றை அவர் வாங்கிவிட்டார்.

லென்ஸ் வந்தபோது கண்டது

பலகையில் வைத்ததும் ஷட்டரின் பின்புற மரைக்கழுத்து துளைக்குள் தளர்வாக ஆடியது. நடுவில் நிறுத்திப் பிடித்தால் சுற்றிலும் ஒரு பென்சில் நுழையும் அளவு இடைவெளி. பலகையின் பின்னால் இருந்து இறுக்க வேண்டிய வளையமும் வரவில்லை. முந்தைய உரிமையாளர் லென்ஸை மரப்பலகையில் திருகிய ஃபிளேஞ்சில், அதாவது உள்மரை கொண்ட உலோக வளையத்தில், பொருத்தியிருந்திருப்பார். கழற்றும்போது ஃபிளேஞ்ச் பலகையோடே போய்விட்டது. அமெரிக்கப் பழைய ஷட்டர்களில் இது அடிக்கடி நடப்பது. ஃபிளேஞ்ச் மூன்று சிறு திருகுகளோடு மரத்திலேயே நின்றுவிடும், விற்பவர் ஷட்டரை மட்டும் கையால் சுழற்றி எடுத்துவிடுவார்.

ஷட்டரின் முகத்தைப் படித்ததும் குழப்பம் தீர்ந்தது. அது ஐலெக்ஸ் நிறுவனத்தின் 3ஆம் எண் ஷட்டர். வேக எண்களும் அதையே சொல்லின: 1, 2, 5, 10, 25, 50 என்று போகும் பழைய வரிசை. கோப்பலில் 1, 2, 4, 8, 15, 30, 60 என்று இருக்கும். விற்பவர் பொய் சொல்லவில்லை. தயாரிப்பாளர் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

எண் ஏன் ஏமாற்றியது

ஷட்டர் எண் அளவுகோலில் படித்த எண் அல்ல. ஒரு தயாரிப்பாளர் தன் ஷட்டர்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிக் கொடுத்த வரிசை எண். மியூனிக்கில் டெக்கல் நிறுவனம் காம்பவுண்ட், காம்பூர் ஷட்டர்களுக்கு ஒரு வரிசை வைத்திருந்தது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஐலெக்ஸ் தனக்கென ஒன்றும், அதே ஊரில் வொல்லன்சாக் தன் பீட்டாக்ஸ், ஆல்ஃபாக்ஸ், ராபாக்ஸ் குடும்பங்களுக்கென வேறொன்றும் வைத்திருந்தன. பின்னால் வந்த ஜப்பானின் கோப்பல், நவீன காம்பூரின் 0, 1, 3 அளவுகளை ஒட்டியே தன் ஷட்டர்களைச் செய்தது. அதனால்தான் அந்த மூன்றும் தம்முள் பொருந்துகின்றன. பெருவடிவத்தில் கோப்பல் 2 என்று ஒன்று கிடையாது. இந்த வட்டத்துக்கு வெளியே எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முகத்திலுள்ள சிறு வட்டைத் திருப்பி வேகம் வைக்கும் பழைய டயல்-செட் காம்பூர்கள் பலவற்றில் எண்ணே பொறிக்கப்பட்டிருக்காது.

கமர்ஷியல் எக்டார் வரிசையே இதைக் காட்டும். 8½ அங்குல லென்ஸ் ஐலெக்ஸ் 3-இலும், 10, 12 அங்குல லென்ஸ்கள் ஐலெக்ஸ் 4-இலும், 14 அங்குல லென்ஸ் ஐலெக்ஸ் 5-இலும் விற்கப்பட்டன. கோப்பல் 3-இன் திறப்பு 45 மி.மீ.; அதோடு ஒப்பிட வேண்டியது ஐலெக்ஸ் 4-ஐத்தான். ஐலெக்ஸ் 3, கோப்பல் 1-க்கும் 3-க்கும் இடையில் நிற்கிறது.

அளந்த முறை

ஒளிப்படக்காரர் ஓய்வுபெற்ற ஒரு லேத் தொழிலாளியின் உதவியை நாடினார். அவர் முதலில் செய்தது பின் கண்ணாடித் தொகுதியைக் கழற்றியது. கழற்றும் முன் தொகுதியின் விளிம்பிலும் ஷட்டரிலும் பென்சிலால் ஒரே கோட்டில் அடையாளம் வைத்தார். தொகுதிக்கும் ஷட்டருக்கும் நடுவே மெல்லிய பித்தளை வளையம் ஏதும் உள்ளதா என்று துணிமேல் வைத்துப் பார்த்தார். அப்படி வளையம் இருந்து, அதைத் தொலைத்துவிட்டால் முன், பின் தொகுதிகளின் இடைவெளி மாறிவிடும். டெஸ்ஸார் வகையில் ஐரிஸ் (ஒளித்துளையை விரித்துச் சுருக்கும் தகடுகள்), இரண்டாம் கண்ணாடிக்கும் ஒட்டிய பின் ஜோடிக்கும் நடுவே இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு மி.மீ.யில் பத்தில் சில பங்கு மாறினாலும் ஓரங்களின் கூர்மை போகும்.

பிறகு வெர்னியரால் எடுத்த அளவுகள்: பலகைக்குள் போகும் மரையின் வெளிவிட்டம், மூன்று திசைகளில், பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு, அந்த மரையின் நீளம், மரைக்கு முன்னால் பலகையில் அமரும் தோளின் விட்டம், பின் தொகுதியின் மிகப் பெரிய விட்டம், ஷட்டரின் இரு புறமும் தொகுதிகள் அமரும் முகங்களுக்கு இடையே உள்ள தூரம். இவற்றில் பலரும் குழம்புவது ஒன்றில்தான். ஷட்டரின் பின்புறம் இரண்டு மரைகள் உண்டு. வெளியே இருப்பது பலகைக்கானது. உள்ளே இருப்பது பின் தொகுதி திருகப்படுவது. கோப்பல் 0-இல் உள் மரை 29.5 மி.மீ., பிட்ச் (அடுத்தடுத்த இரு மரைகளின் இடைவெளி) 0.5, கோப்பல் 1-இல் 40 மி.மீ., பிட்ச் 0.75. இந்த எண்களைப் பலகைத் துளை என்று நினைத்துத் துளையிட்டவர்கள் உண்டு.

இந்த ஐலெக்ஸின் வெளிமரை விட்டத்தை இங்கே எழுதாமல் விடுவது வேண்டுமென்றே. இதே எண் பொறித்த இன்னொரு ஐலெக்ஸ் கையில் இருப்பவர் அந்த அளவை நம்பித் துளையிட்டால், எந்தத் தவற்றைப் பற்றி எழுதுகிறோமோ அதே தவறு மீண்டும் நடக்கும். பத்து நிமிட அளவெடுப்புக்கு மாற்று எதுவும் இல்லை.

முதல் முயற்சியும் நெளிந்த மரையும்

வளையம் வேண்டும். தொழிலாளியின் இழுப்பறையில் ஒரு பழைய ஜெர்மன் ஷட்டரின் வளையம் கிடந்தது. உள்விட்டம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. திருகிப் பார்த்தார்கள். ஒன்றரைச் சுற்று வழுக்கிக்கொண்டு போய், சட்டென்று இறுகியது. இன்னும் கொஞ்சம் அழுத்தலாம் என்ற எண்ணம் அந்த நொடியில் யாருக்கும் வரும். அவர் அங்கேயே நிறுத்திவிட்டுப் பின்னால் சுழற்றினார். ஷட்டரின் முதல் மரைமேட்டில் கறுப்புப் பூச்சு உரிந்து ஒரு கோடு பளபளத்தது. வளையத்தின் பள்ளத்தில் முடி போல மெல்லிய பித்தளைச் சுருள் ஒன்று ஒட்டியிருந்தது.

காரணம் பிட்ச். ஜெர்மன் வளையம் மெட்ரிக், ராச்செஸ்டர் ஷட்டர் அங்குலக் கணக்கு. அங்குலத்துக்கு 32 மரை என்று எடுத்துக்கொண்டால் ஒரு மரைக்கு 0.794 மி.மீ. வரும். மெட்ரிக் 0.75-க்கும் அதற்கும் ஒரு சுற்றுக்கு 0.044 மி.மீ. வேறுபாடு. முதல் சுற்றில் மரைகளின் தளர்வு அதை விழுங்கிவிடும். மூன்றாம் சுற்றில் வேறுபாடு 0.13 மி.மீ. ஆகி உலோகம் உலோகத்தை அரைக்கத் தொடங்கும். இதைவிட ஆபத்தான ஜோடி ஒன்று உண்டு: மெட்ரிக் 0.5-உம் அங்குலத்துக்கு 50-உம். அங்கே ஒரு மரைக்கு வேறுபாடு 0.008 மி.மீ. மட்டுமே. ஆறு சுற்று போன பிறகும் 0.05-ஐ எட்டாது. "கொஞ்சம் இறுக்கம்" என்று தோன்றுமே தவிரத் தவறு என்று தெரியாது.

நெளிந்த மேட்டைக் கூர்மையான கைக்கருவியால் பள்ளத்தின் திசையிலேயே சீவி, பல் குச்சியில் மெருகுப் பசை தடவித் தேய்த்துச் சரிசெய்தார். நல்வாய்ப்பாக ஒரு மரையோடு போயிற்று.

இப்போது பிட்சை ஒழுங்காக அளந்தார்கள். மரைமேல் முத்திரை மையை மெல்லத் தடவி, மெல்லிய காகிதத் துண்டை அழுத்தி எடுத்தால் கோடுகள் பதியும். ஐந்து இடைவெளிகளின் மொத்த நீளத்தை அளப்பது ஒன்றை அளப்பதைவிடப் பல மடங்கு நம்பகமானது. பிட்ச் 0.75 என்றால் 3.75 மி.மீ. வரும், அங்குலத்துக்கு 32 என்றால் 3.97, 36 என்றால் 3.53, 40 என்றால் 3.18. சாதாரண வெர்னியரே இவற்றைப் பிரித்துக்காட்டும். பிறகு பிட்ச் அளவியின் இலைகளை, அதாவது பல் வெட்டிய மெல்லிய தகடுகளை, ஒவ்வொன்றாக மரையில் பொருத்தி ஜன்னலுக்கு எதிரே பிடித்தார்கள். மெட்ரிக் இலைகள் எல்லாவற்றிலும் ஒரு முனையில் வெளிச்சம் கசிந்தது. அங்குல இலை ஒன்று மட்டும் ஒளி புகாமல் உட்கார்ந்தது.

என்ன செய்வது என்ற முடிவு

மூன்று வழிகள் பேசப்பட்டன. முதலாவது, துளையில்லாத புதிய பலகை வாங்கித் துளையிடுவது. இரண்டாவது, கைவசம் உள்ள 65 மி.மீ. பலகைக்கு அலுமினிய இடைத்தட்டு ஒன்று கடைவது. மூன்றாவது, கண்ணாடித் தொகுதிகளைக் கோப்பல் 1-க்கு மாற்றுவது.

மூன்றாவதை ஒளிப்படக்காரர் ஒரு வகுத்தலோடு தள்ளப் பார்த்தார். 8½ அங்குலம், அதாவது 216 மி.மீ.யை, 6.3-ஆல் வகுத்தால் 34.3 மி.மீ.; கோப்பல் 1-இன் திறப்பு 30 மி.மீ.; ஆகவே முழுத் திறப்பு கிடைக்காது என்பது அவர் வாதம். கணக்கு சரி, பொருள் தவறு. 34.3 என்பது முன் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது தெரியும் துளையின் அளவு. முன் தொகுதி உருப்பெருக்கியாக வேலை செய்வதால் உள்ளே இருக்கும் உண்மையான ஐரிஸ் அதைவிடச் சிறியது. ஷ்னைடரின் 210 மி.மீ. எஃப் 6.1 ஸெனாரும் டெஸ்ஸார் வகைதான். அது கோப்பல் 1-இல்தான் விற்கப்பட்டது. ஆகவே திறப்பு தடையல்ல. தடை வேறு: முன்னும் பின்னும் மரை மாற்றும் வளையங்கள் கடைய வேண்டும், தொகுதிகளின் இடைவெளியை அப்படியே காக்க வேண்டும், எஃப் எண்களைக் காட்டும் அப்பெர்ச்சர் அளவுப் பட்டையைப் புதிதாகப் பொறிக்க வேண்டும். ஷட்டர் பழுதாகிப் போயிருந்தால் இது நியாயமான வேலை. ஓடும் ஷட்டரை விட்டுவிட்டுச் செய்ய வேண்டியதல்ல.

இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பலகையும் வீணாகாது, வருங்காலத்தில் கோப்பல் 3 லென்ஸ் ஒன்று வந்தால் இடைத்தட்டைக் கழற்றிவிட்டு அதே பலகையைப் பயன்படுத்தலாம்.

கடைந்ததும் பொருத்தியதும்

இடைத்தட்டு ஒரே அலுமினியத் துண்டில் கடையப்பட்டது. வெளி விளிம்பு 74 மி.மீ. துளைக்குள் இறங்கும் படி 64.8 மி.மீ.; அதன் ஆழம் பலகையின் தடிமனைவிட 0.1 மி.மீ. குறைவு, விளிம்பு பலகையோடு நன்றாக அழுந்த வேண்டும் என்பதற்காக. நடுத்துளை, ஷட்டர் மரையின் வெளிவிட்டத்தைவிட 0.2 மி.மீ. பெரிது. தட்டைப் பலகையோடு பிடிக்க மூன்று எம்2 திருகுகள், 120 பாகை இடைவெளியில்.

வளையம் பித்தளையில். லேத் மெட்ரிக் என்பதால் அங்குல மரை வெட்ட 127 பல் கொண்ட மாற்றுப் பற்சக்கரம் போட வேண்டியிருந்தது. ஒரு அங்குலம் 25.4 மி.மீ.; ஐந்து அங்குலம் 127 மி.மீ. அந்தப் பற்சக்கரத்தின் கணக்கு இதுதான். வளையத்தை லேத்திலிருந்து கழற்றாமலே ஷட்டரைக் கொண்டுவந்து திருகிப் பார்த்து, கடைசி இரண்டு வெட்டுகளை மிக மெல்லியதாகக் கொடுத்தார். கழற்றிவிட்டால் மறுபடி அதே இடத்தில் பிடிக்க முடியாது.

ஷட்டரை ஏற்றும் முன், இந்த லென்ஸும் இந்த ஷட்டரும் ஆதியிலிருந்தே ஜோடிதானா என்றும் பார்த்தார்கள். பழைய பொருள் சந்தையில் ஷட்டரை மாற்றிப் போட்டு விற்பது புதிதல்ல. கோடக் லென்ஸ்களின் வரிசை எண்ணுக்கு முன் இரண்டு எழுத்துகள் இருக்கும். கேமரோசிட்டி (CAMEROSITY) என்ற சொல்லின் பத்து ஆங்கில எழுத்துகள் 1 முதல் 9 வரையும் பிறகு 0-வையும் குறிக்கும்: சி 1, ஏ 2, எம் 3, இ 4, ஆர் 5, ஓ 6, எஸ் 7, ஐ 8, டி 9, ஒய் 0. இந்த லென்ஸில் இருந்தவை ஆர், ஏ, அதாவது 1952. ஷட்டரின் பட்டை 6.3-இல் தொடங்கியது. ஆனாலும் அது இதே குவியத் தொலைவுக்கானதுதானா என்பதைப் பட்டை மட்டும் சொல்லாது.

அதற்கான சோதனை எளிது. கேமராவை முடிவிலிக்குக் குவித்துவிட்டு, பிம்பம் விழும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸின் இடத்தில் நடுவில் ஒரு மி.மீ. ஊசித்துளையிட்ட அட்டையை வைத்தார்கள். அறையை இருட்டாக்கி, துளைக்குப் பின்னால் கைவிளக்கைப் பிடித்தார்கள். லென்ஸின் முன் விளிம்பில் வைத்த டிரேசிங் தாளில் கூர்மையான ஒளிவட்டம் விழுந்தது. ஐரிஸை மூட மூட வட்டம் சுருங்கியது. குவியத் தொலைவை அந்த விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண். 6.3-இல் 34 மி.மீ.க்குச் சற்று மேல், 16-இல் 13.5, 32-இல் ஏறத்தாழ 6.8 என்று எதிர்பார்த்த அளவுகளே வந்தன. பட்டை இந்த லென்ஸுக்கானதே.

பின்விளைவு

முதல் நான்கு நெகட்டிவ்களில் கூர்மை ஓரம்வரை நன்றாக இருந்தது. ஆனால் வெயிலில் எடுத்த இரண்டில் ஒரு மூலையிலிருந்து சாம்பல் நிறப் பட்டை ஒன்று நடுப்பகுதிவரை நீண்டிருந்தது. பெல்லோஸில், அதாவது கேமராவின் மடிப்புத் துருத்தியில், ஓட்டை என்றுதான் முதலில் நினைத்தார்கள். இருட்டறையில் கேமராவுக்குள் கைவிளக்கை வைத்து, வெளியே பெல்லோஸின் ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. பலகையின் பக்கம் வந்தபோது இடைத்தட்டின் விளிம்பில் நகக்கண் அளவு வெளிச்சம் தெரிந்தது. ஷட்டர் சுழலாமல் தடுக்கும் சிறு திருகுக்காகக் கோப்பல் பலகைகளில் துளையின் ஓரத்தில் ஒரு வெட்டு விடப்படுவது உண்டு. 74 மி.மீ. விளிம்பு அந்த வெட்டை மூடிய இடத்தில் அரை மி.மீ. பிடிப்புதான் இருந்தது.

இடைத்தட்டின் பின்முகத்தில் கறுப்பு வெல்வெட் நாடாவை வளையமாக ஒட்டி, தட்டின் உட்சுவருக்கு மங்கல் கறுப்பு வண்ணம் பூசியதும் பட்டை மறைந்தது. வண்ணம் வேறு காரணத்துக்கும் தேவைப்பட்டது. பளபளக்கும் அலுமினிய உட்சுவர், வானம் அதிகமுள்ள காட்சிகளில் நிழல்பகுதிகளை வெளிறச் செய்துகொண்டிருந்தது.

ஷட்டரின் மெதுவான வேகங்கள் குறித்த நேரத்தைவிட இழுத்தன. அது அளவு சார்ந்த சிக்கல் அல்ல. சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கினார்கள்.

மாற்றிக்கொண்டவை

லென்ஸ் கைக்கு வந்து, அளந்த பிறகே பலகை. இது முதலாவது. விற்பவரிடம் இனி மூன்று படங்கள் கேட்பது என்று ஒளிப்படக்காரர் வைத்துக்கொண்டார்: ஷட்டரின் முகம், தயாரிப்பாளர் பெயர் படிக்கும்படி, பின்புறம் நேராக, வெளிமரையின் குறுக்கே அளவுகோல் வைத்து, ஃபிளேஞ்ச் அல்லது வளையம் இருந்தால் அதைத் தனியாக. "என்ன அளவு ஷட்டர்?" என்று கேட்டால் ஓர் எண்தான் பதிலாக வரும். "பின்னால் உள்ள மரையின் வெளிவிட்டம் எத்தனை மி.மீ.?" என்று கேட்டால் விற்பவர் அளந்துதான் ஆக வேண்டும்.

லேத் தொழிலாளியின் பக்கத்தில் மாற்றம் சிறியது. எந்தப் பழைய வளையத்தையும் பிட்ச் அளவியின் மெட்ரிக் இலை, அங்குல இலை இரண்டாலும் சோதிக்காமல் ஷட்டரில் வைப்பதில்லை. இடைத்தட்டு இன்னொன்று செய்ய நேர்ந்தால் விளிம்பை 80 மி.மீ. வைப்பதாகவும், திருகு போடும் முன்பே வெல்வெட்டை ஒட்டுவதாகவும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அதே ஒளிப்படக்காரர் 12 அங்குலக் கமர்ஷியல் எக்டார் ஒன்றை ஐலெக்ஸ் 4-இல் வாங்கினார். விற்பவர் அனுப்பிய மூன்றாவது படத்தில், மரத்தூள் ஒட்டிய திருகுகளோடு ஃபிளேஞ்சும் இருந்தது.